எந்தக் குரல் உதவியாளர் உங்கள் போனுக்கு?

புதிதாக ஸ்மார்ட் போன் வாங்கியவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கூகுளா, சிரியா, அலெக்ஸாவா, எது நல்லது?" சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு விடை தெரிந்திருக்கும் என்று நினைக்கின்றனர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் அப்பாவிற்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வரை.

அப்பா கோவில்பட்டியில் தனியாக இருக்கிறார். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டு, போன் ஸ்கிரீனில் உள்ள எழுத்துக்களை அவரால் படிக்க முடிவதில்லை. எனவே ஆண்ட்ராய்ட் போன் ஒன்று வாங்கி, நான் சென்னையில் பயன்படுத்தி வந்த உதவியாளரையே அதில் அமைத்துக் கொடுத்தேன். வசதிகள் மிக அதிகம் என்பதுதான் காரணம். அதன் பெயர் இங்கு வேண்டாம்; தவறில் பெரும் பங்கு என்னுடையது.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் போனில் பேசும்போது அப்பா சாதாரணமாகச் சொன்னார். "ஏலே, அன்னைக்கு ராத்திரி லேசா மயக்கமா வந்துச்சு. வேர்த்துக் கொட்டிருச்சு. முருகனைக் கூப்பிடச் சொன்னா, அது இங்கிலீசுல என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கு. அப்புறம் எந்திரிச்சுப் போய் சீனியைக் கரைச்சுக் குடிச்சேன்."

சர்க்கரை இறங்கிய நிலையில் தட்டுத் தடுமாறி அடுப்படி வரை சென்றிருக்கிறார். அடுத்த வாரமே ஊருக்குச் சென்று போனைப் பார்த்தேன். முகவரிப் பட்டியலில் பால் ஊற்றும் முருகன், ஆட்டோ ஓட்டும் முருகன், மாமா முருகன் என மூவர் இருந்தனர். உதவியாளர் மூவரையும் ஸ்கிரீனில் பட்டியலிட்டு, எந்த முருகன் என ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறது. படிக்க முடியாதவரிடம் பட்டியலைக் காட்டினால் என்ன பயன்?

அன்று முதல் நான் தேர்ந்தெடுக்கும் முறை மாறிவிட்டது. வசதிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. பயன்படுத்தப் போகிறவர் தன் வீட்டில், தன் பேச்சில் சொல்வதை எது சரியாகச் செய்கிறதோ, அதுவே அவருக்கு நல்ல உதவியாளர். இதனை எப்படிக் கண்டறிவது எனப் பார்க்கலாம்.

களத்தில் யார் யார்?

முதலில் வந்தது சிரி. 2011ல் ஐபோன் 4எஸ் போனுடன் ஆப்பிள் இதனை வெளியிட்டது. ஐபோனில் சைட் பட்டனை அழுத்திப் பிடித்தாலோ, பெயர் சொல்லி அழைத்தாலோ வருவது இதுதான். தமிழைப் பொறுத்தவரை, 2024ல் வந்த ஐ.ஓ.எஸ். 18ல், இந்திய ஆங்கிலத்துடன் தமிழ்ச் சொற்களைக் கலந்து பேசும் வசதி தரப்பட்டது. முழுக்கத் தமிழிலேயே பேச வேண்டும் எனில், உங்கள் போனில் உள்ள மொழிப் பட்டியலை முதலில் பார்த்துக் கொள்ளவும்.

கூகுள் அசிஸ்டண்ட் 2016ல் வந்தது. பிறகு தமிழ் உட்படப் பல இந்திய மொழிகள் இதில் சேர்க்கப்பட்டன. பின்னர் 2024ல் கூகுள் தன் ஜெமினி செயலியை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளுடன் இது இந்தியாவில் அறிமுகமானது. போன்களில் அசிஸ்டண்ட் இருந்த இடத்தில் ஜெமினியை வைக்கப் போவதாக 2025 மார்ச் மாதம் கூகுள் அறிவித்தது. எனவே புதிய ஆண்ட்ராய்ட் போன் வாங்கியவர்கள், தங்கள் போனில் எது இயங்குகிறது என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

சாம்சங் நிறுவனத்தின் பிக்ஸ்பி 2017ல் கேலக்ஸி எஸ்8 போனுடன் வந்தது. ஆனால் 2025ல் வெளியான கேலக்ஸி எஸ்25 போனில், சைட் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஜெமினி வருமாறு அந்நிறுவனமே மாற்றிவிட்டது. அமேசானின் அலெக்ஸா இந்தியாவிற்கு 2017ல் ஆங்கிலத்துடன் வந்தது. 2019ல் ஹிந்தி சேர்ந்தது. ஸ்பீக்கர்களுக்காகப் பிறந்தது என்றாலும், போனிலும் இதன் செயலியை இறக்கிப் பயன்படுத்தலாம்.

இன்னொரு பெயரையும் நினைவில் கொள்ளுங்கள். மைக்ரோசாப்ட் 2014ல் கொண்டு வந்த கார்ட்டனா. இதன் போன் செயலிகள் 2021 மார்ச் மாதத்துடன் நிறுத்தப்பட்டன. பெரிய நிறுவனம் தருகிறது என்பதாலேயே ஓர் உதவியாளர் நிரந்தரம் ஆகிவிடுவதில்லை. இந்தத் துறையில் எதையும் "ஒரு முறை அமைத்தால் போதும்" என்று விட்டுவிடக் கூடாது.

உள்ளே நடப்பது என்ன?

உதவியாளர் நான்கு படிகளில் வேலை செய்கிறது. முதல் படியில், "ஹே கூகுள்" போன்ற அழைப்புச் சொல் வருகிறதா என போன் காத்திருக்கிறது. இது போனுக்குள்ளேயே நடக்கும் சிறிய வேலை. இரண்டாவது, அழைப்புச் சொல்லுக்குப் பின் நீங்கள் பேசுவது எழுத்தாக மாற்றப்படுகிறது. மூன்றாவது, அந்த எழுத்திலிருந்து நீங்கள் கேட்பது என்ன என்று கணிக்கப்படுகிறது. நான்காவது, போன் செய்வது, அலாரம் வைப்பது போன்ற செயல் நடக்கிறது. இதில் பெரும்பகுதி வேலை இன்டர்நெட் வழியாக அந்நிறுவனத்தின் சர்வரில் நடைபெறலாம்.

இதைத் தெரிந்து கொள்வதால் ஒரு பயன் உண்டு. உதவியாளர் தவறு செய்தால், பழுது எந்தப் படியில் என நீங்களே கண்டுபிடிக்கலாம். நீங்கள் சொன்னது ஸ்கிரீனில் எழுத்தாகத் தெரியும் அல்லவா? அந்த எழுத்தே தவறாக இருந்தால், மொழித் தேர்விலோ, மைக்கிலோ, சுற்றுச் சத்தத்திலோ பிரச்னை. எழுத்து சரியாக இருந்து செயல் தவறாக இருந்தால், முகவரிப் பட்டியலிலோ, செயலிக்குத் தரப்பட்ட அனுமதியிலோ கோளாறு. அப்பாவின் போனில் "முருகன்" என்பது சரியாகவே எழுதப்பட்டிருந்தது. கோளாறு நான் பதிந்து கொடுத்த பெயர்களில் இருந்தது.

ஏழு வாக்கியச் சோதனை

விளம்பரங்களில் காட்டும் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதில் பயனில்லை. போனைப் பயன்படுத்தப் போகிறவர் தினமும் சொல்லக் கூடிய ஏழு வாக்கியங்களை ஒரு தாளில் எழுதுங்கள். நான் அப்பாவிற்காக எழுதியவை இவை:

1. அக்காவுக்கு போன் போடு.
2. நாளைக்குக் காலையில அஞ்சே முக்காலுக்கு எழுப்பு.
3. டார்ச் லைட் போடு.
4. ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரையை ஞாபகப்படுத்து.
5. வந்த மெசேஜைப் படி.
6. இன்னைக்கு மழை வருமா?
7. ஆட்டோக்காரருக்கு போன் போடு.

இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். "ஐந்து நாற்பத்தைந்து" என்று யார் வீட்டில் சொல்கிறார்கள்? "அஞ்சே முக்கால்", "ஏழரை" என்பதுதான் நம் பேச்சு. அது புரியாவிட்டால் அலாரம் வேறு நேரத்தில் அடிக்கும்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று சூழ்நிலைகளில் சொல்லச் செய்யுங்கள். அமைதியான அறையில் ஒரு முறை; மின்விசிறியும் டிவியும் ஓடும்போது ஒரு முறை; போனைக் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைத்து, படுத்தபடியே ஒரு முறை. மொத்தம் 21 முயற்சிகள். சரியாகச் செய்தால் ஒரு மதிப்பெண். பேச வேண்டியது நீங்கள் அல்ல, போனின் சொந்தக்காரர்தான். நான் பேசியபோது நன்றாக இயங்கிய உதவியாளர், அப்பா பேசியபோது 21க்கு 8 மட்டுமே வாங்கியது. வசதி குறைந்தது என நான் ஒதுக்கிய இன்னொன்று, தமிழில் அமைத்ததும் 15 வாங்கியது. அதைத்தான் வைத்துக் கொடுத்தேன்.

ஆண்ட்ராய்ட் போனில் உதவியாளரை மாற்ற, செட்டிங்ஸ் சென்று, ஆப்ஸ் பிரிவில் டிபால்ட் ஆப்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அங்கு டிஜிட்டல் அசிஸ்டண்ட் ஆப் என்ற இடத்தில், போனில் உள்ளவற்றில் ஒன்றை அமைக்கலாம். போன் நிறுவனத்தைப் பொறுத்து இந்தப் பெயர்கள் சற்று மாறி இருக்கலாம். செட்டிங்ஸ் தேடல் கட்டத்தில் "அசிஸ்டண்ட்" என டைப் செய்தாலும் கிடைக்கும்.

முகவரிப் பட்டியலைச் சரி செய்திடுங்கள்

15ஐ 19 ஆக்கியது எந்த சாப்ட்வேரும் அல்ல, அரை மணி நேரம் செலவழித்துப் பெயர்களை மாற்றியதுதான். மூன்று முருகன்களும் "பால்காரர்", "ஆட்டோக்காரர்", "கயத்தாறு மாமா" என ஆனார்கள். ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்களைத் தமிழில் டைப் செய்தேன். ஒரே ஒலியில் தொடங்கும் பெயர்களைப் பிரித்தேன். ஒருவருக்கு இரண்டு எண்கள் இருந்தால் பழையதை நீக்கினேன். அழைப்பது எப்படியோ, பதிவதும் அப்படியே இருக்க வேண்டும். இதுதான் விதி.

பூட்டிய போனில் இயங்குமா?

அவசரத்தில் போன் பூட்டியே இருக்கும். ஐபோனில் சிரி அமைப்பிலும், ஆண்ட்ராய்டில் உதவியாளரின் லாக் ஸ்கிரீன் அமைப்பிலும், பூட்டிய நிலையில் இயங்க அனுமதி தரலாம். ஆனால் போன் வேறொருவர் கையில் சிக்கினால், அவரும் அதனிடம் பேசலாம். எனவே அழைப்புகளுக்கு மட்டும் அனுமதி தர வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மெசேஜ் படிக்கும் வசதியைப் பூட்டிய நிலையில் தர வேண்டாம். வங்கியின் ஓடிபி எண்ணும் மெசேஜில்தானே வருகிறது!

அடுத்து, போனை ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றி ஒரு முறை முயன்று பாருங்கள். சில ஐபோன்களில் அலாரம் வைப்பது போன்ற வேலைகளை, 2021ல் வந்த ஐ.ஓ.எஸ். 15 முதல், சிரி இன்டர்நெட் இல்லாமலேயே செய்கிறது. பல வேலைகளுக்கு இணைப்பு கட்டாயம் தேவை. எது நின்று போகும் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது.

உங்கள் குரல் எங்கே செல்கிறது?

2019ல் ஆப்பிள், கூகுள், அமேசான் ஆகிய மூன்று நிறுவனங்களின் உதவியாளர் பதிவுகளில் ஒரு பகுதியை மனிதர்கள் கேட்டுச் சரிபார்த்தது செய்திகளில் வெளியானது. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, பயனாளர் சம்மதித்தால் மட்டுமே இனி என முறையை மாற்றியது. எனவே இதனை நாமே கவனிக்க வேண்டும். கூகுள் கணக்கில் மை ஆக்டிவிட்டி பக்கம் சென்றால் பழைய கேள்விகளைப் பார்க்கலாம், அழிக்கலாம். ஜெமினி தன் பதிவுகளை, நீங்கள் மாற்றாத வரை 18 மாதம் வைத்திருக்கும். இதனை 3 மாதமாகக் குறைக்கலாம். ஐபோனில் சிரி அமைப்பில் சிரி அண்ட் டிக்டேஷன் ஹிஸ்டரி என்ற இடத்தில் பதிவுகளை அழிக்கலாம்.

ஜெமினி போன்ற புதிய வகை உதவியாளர்கள் சரளமாகப் பேசும். தவறான தகவலையும் அதே சரளத்துடன் சொல்லிவிடும். மாத்திரையை நினைவூட்டச் சொல்லலாம். எத்தனை மாத்திரை எனக் கேட்கக் கூடாது. அது டாக்டர் சொல்ல வேண்டியது.

குரல் மட்டும் போதாது

19 வாங்கினாலும் 2 தவறு இருக்கிறது. அந்த 2ல் ஒன்று நள்ளிரவில் வரலாம். எனவே பேசாமல் உதவி கேட்கவும் ஒரு வழி வைத்திடுங்கள். அப்பா போனின் ஹோம் ஸ்கிரீனில் வேறு எந்த ஐகானும் இல்லாமல், நேரடியாக அழைக்கும் இரண்டு ஷார்ட்கட்களை மட்டும் வைத்தேன். மேலே நான், கீழே ஆட்டோக்காரர். பல ஆண்ட்ராய்ட் போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு செல்லும். சேப்டி அண்ட் எமர்ஜென்சி பிரிவில் இது இயக்கத்தில் உள்ளதா எனச் சரி பார்க்கவும். இந்தியாவில் அவசர உதவிக்கான பொது எண் 112. இதனையும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

ஒவ்வொரு முறை ஊருக்குச் செல்லும்போதும் அந்த ஏழு வாக்கியங்களை அப்பாவைச் சொல்லச் செய்து பார்க்கிறேன். அப்டேட் ஒன்று வந்த பின் மதிப்பெண் 16க்கு இறங்கியதும் உண்டு. மொழி அமைப்பு தானாக ஆங்கிலத்திற்கு மாறி இருந்தது, மாற்றியதும் சரியானது. "எனக்குப் பரீட்சை வைக்கியா, அதுக்கு வைக்கியா?" என அப்பா கேட்கிறார். "அதுக்குத்தான்பா" என்றேன். பரீட்சை எனக்கும் சேர்த்துத்தான்.

வெளியூரில் உள்ள பெற்றோருக்கு போன் வாங்கிக் கொடுத்தவர்கள், அடுத்த முறை செல்லும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஏழு வாக்கியங்களை எழுதுங்கள், அவர்களைப் பேசச் சொல்லி நீங்கள் கேளுங்கள். எந்த உதவியாளர் நல்லது என்பதற்கான விடை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.