இஃது எவ்வகை மதிப்பு?

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகளை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் கதவில் 22ஜி1 என்றோ 45ஆர்1 என்றோ ஒரு குறி இருக்கும். முன்னது இருபதடிச் சாதாரணப் பெட்டி. பின்னது நாற்பதடி நீளமும் மிகுந்த உயரமும் உடைய குளிர்பதனப் பெட்டி. கதவைத் திறவாமலே வகை விளங்குகிறது. ஆயினும் உள்ளே சரக்கு உண்டா, வெறும் பெட்டியா என்பதை அக்குறி கூறாது.

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணிப்பொறி மொழியிலும் இத்தகைய நிலை உண்டு. ஒரு பெயர் இன்ன வகை மதிப்பையே தாங்க வேண்டும் என்று அம்மொழி வரையறுப்பதில்லை. சற்று முன் எண்ணைத் தாங்கிய பெயர் இப்பொழுது எழுத்துத் தொடரைத் தாங்கலாம். வசதிதான்; ஆனால் அதற்கு விலை உண்டு.

சரக்கின் எடை 18 டன், பெட்டியின் சொந்த எடை 2 டன் என்று கொள்வோம். படிவத்தில் எழுத்தர் தட்டிய 18, நிரலுக்குள் எழுத்துத் தொடராகவே வந்து சேர்கிறது. அதனோடு 2 என்னும் எண்ணைக் கூட்டச் சொன்னால், மொழி இரண்டையும் ஒட்டி 182 என்று தந்துவிடும்; பிழை என்று முணுமுணுப்பதும் இல்லை. அந்த எடையை நம்பிக் கப்பலில் பெட்டி அடுக்குபவரின் பாடு என்னவாகும்?

ஆகவே கூட்டுமுன் வகையைக் கேட்டறிதல் வேண்டும். அதற்கென 'டைப்ஆஃப்' என்னும் வினாச்சொல் உள்ளது. எண், எழுத்துத் தொடர், மெய்–பொய், வரையறுக்கப்படாதது ஆகியவற்றை அது செம்மையாகவே இனங்காட்டும். எழுத்துத் தொடர் என்று விடை வந்தால் 'நம்பர்' கொண்டு எண்ணாக மாற்றலாம். ஆனால் 'பதினெட்டு' என்று எழுத்தால் எழுதியிருப்பின், 'எண் அன்று' எனப் பொருள்படும் 'நேன்' கிடைக்கும். வேடிக்கை யாதெனில், அந்த நேனின் வகையைக் கேட்டாலும் 'எண்' என்றே விடை வருகிறது! அதைப் பிடிக்க 'நம்பர்.இஸ்நேன்' வேண்டும்.

இதனினும் பெரிய பொறி 'நல்' என்னும் வெறுமை. அதன் வகை 'பொருள்' என்கிறது டைப்ஆஃப். 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் இம்மொழியின் முதல் வடிவை உருவாக்கினார். அதில் பொருளுக்குரிய அடையாளம் சுழியம். வெறுமையும் சுழியமாகவே பதிவாயிற்று. பின்னர் திருத்த முயன்றவர்கள், பழைய பக்கங்கள் பழுதாகும் என்று கைவிட்டனர். விடையை நம்பி வெறுமையிடம் எடையைக் கேட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். எனவே மூன்று சமக்குறியிட்டு, 'இது நல்லா?' என்று முதலில் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். வரிசைப் பட்டியலையும் டைப்ஆஃப் பொருள் என்றே சொல்லும். அதனை வேறுபடுத்த 2009இல் 'அரே.இஸ்அரே' மொழியின் விதிகளில் இடம்பெற்றது.