ஒரு புரதத்தின் பின்னால் போன மருத்துவர்

ரத்தப் புற்றுநோய்க்கான ஒரு புதிய மருந்து 1998 ஜூன் மாதம் முதன்முறையாக நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் முன்னின்று நடத்திய சோதனை அது. முதல்கட்டச் சோதனை என்பது மருந்தின் பாதுகாப்பையும் அளவையும் தெரிந்துகொள்ளத்தான். நோய் தணியும் என்று அந்தக் கட்டத்தில் யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. ஆனால், 2001 ஏப்ரலில் வெளியான முடிவு அந்த வழக்கத்தையே புரட்டிப் போட்டது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. அத்தனை பேரும் அப்போதைய சிகிச்சையான இன்டர்ஃபெரான் ஊசி கைகொடுக்காமல் போனவர்கள்.

அந்த மருந்துதான் இமாட்டினிப். 'கிளிவெக்' என்ற வணிகப் பெயரில் அறிமுகமானது. அதிசய மாத்திரை என்று அன்றைய பத்திரிகைகள் கொண்டாடின. அதிசயம் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பின்னால் இருந்த நாற்பது ஆண்டு உழைப்பு கண்ணில் படாமல் போய்விடும். அந்த உழைப்பைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் நோய். சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில், எலும்பு மஜ்ஜை வெள்ளை அணுக்களைக் கட்டுக்கடங்காமல் உற்பத்தி செய்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டியவை லட்சத்தையும் தாண்டும். மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கனக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். இப்படியே சில ஆண்டுகள் போய், ஒரு கட்டத்தில் நோய் முற்றி உயிரைப் பறிக்கும். பொருத்தமான கொடையாளி கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யலாம். இல்லையென்றால், காய்ச்சலையும் உடல்வலியையும் கூடவே கொண்டுவரும் இன்டர்ஃபெரான்தான்.

இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதை 1960இல் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் கண்டார்கள். ஃபிலடெல்ஃபியா நகரில் கண்டதால் அந்தக் குரோமோசோமுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. குறைந்துபோன துண்டு எங்கே போனது என்ற கேள்விக்கு 1973இல் பதில் சொன்னவர் சிகாகோவின் ஜேனட் ரவுலி. குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரிசைப்படுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். 22ஆம் குரோமோசோமில் இருந்து பிரிந்த துண்டு 9ஆம் குரோமோசோமில் ஒட்டியிருந்தது. அங்கிருந்து ஒரு துண்டு இங்கே வந்திருந்தது. இப்படி இடம் மாறியதில் இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து, உடலில் இயல்பாக இல்லாத ஒரு புரதத்தை உண்டாக்கின என்பது 1980களில் தெளிவானது. அதன் பெயர் பி.சி.ஆர்-ஏபிள்.

அந்தப் புரதம் அப்படி என்ன செய்கிறது? செல்களுக்குள் செய்தி கடத்தும் முறையைத் தெரிந்துகொண்டால் இது புரியும். வளர், பிளவுபடு, நில் என்ற கட்டளைகள் பெரும்பாலும் ஒரு புரதம் இன்னொரு புரதத்தின் மீது பாஸ்பேட்டைப் பொருத்துவதன் மூலம் கைமாறுகின்றன. பொருத்தும் வேலையைச் செய்யும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் டோனி ஹன்டர் 1979இல் ஒரு புதிய வகையைக் கண்டுபிடித்தார்: டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டைப் பொருத்தும் கைனேஸ். பாஸ்பேட் ஒட்டிய அமினோ அமிலங்களைப் பிரித்துப் பார்க்க அன்று அவர் பயன்படுத்தியது பழைய கரைசல். அதன் அமிலத்தன்மை சற்றுக் கூடியிருந்தது. அதனால்தான் அதுவரை ஒரே புள்ளியாகத் தெரிந்தது இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. புதிதாகக் கலக்கியிருந்தால் அந்த வேறுபாடு அன்றைக்குக் கண்ணில் பட்டிருக்காது. சி.எம்.எல். நோயின் பி.சி.ஆர்-ஏபிளும் ஒரு டைரோசின் கைனேஸ்தான். ஆனால், அணைக்கவே முடியாமல் சிக்கிக்கொண்ட சுவிட்ச். வளரச் சொல்லும் கட்டளை இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கும்.

ட்ரூக்கர் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். 1955இல் மின்னசோட்டாவில் பிறந்தவர். மருத்துவப் படிப்பையும் பயிற்சியையும் முடித்துப் பாஸ்டனில் உள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்கு வந்தார். அங்கே நோயாளிகளைப் பார்ப்பதோடு நிற்காமல், தாமஸ் ராபர்ட்ஸின் ஆய்வகத்தில் கைனேஸ்களைப் படிக்க உட்கார்ந்தார். டைரோசினில் பாஸ்பேட் ஒட்டியிருந்தால் அதை அடையாளம் காட்டும் ஓர் ஆன்டிபாடியை உருவாக்குவதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 4ஜி10 என்ற அந்த ஆன்டிபாடி வெளியே பெரிதாகப் பேசப்படுவதில்லை. என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் திருப்புமுனை அதுதான். ஒரு மருந்து கைனேஸை அடக்குகிறதா இல்லையா என்று அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டும். அது அவர் கையில் இருந்தது.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கலஸ் லைடனும், வேதியியலாளர் யூர்க் ஸிம்மர்மனும் கைனேஸ்களை அடக்கும் சேர்மங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இது வீண் வேலை என்று நினைத்தவர்கள் அதிகம். மனித உடலில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு; எல்லாமே பாஸ்பேட்டை ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்துதான் எடுக்கின்றன. ஒன்றின் ஏ.டி.பி. இடத்தை அடைத்தால் எல்லாமே அடைபடும் என்பது அவர்கள் வாதம். டேனா-ஃபார்பருக்கு வேறொரு மருந்து நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்ததால், அங்கிருந்தபடி ட்ரூக்கரால் லைடனுடன் சேர்ந்து பணியாற்ற முடியவில்லை. 1993இல் ஒரேகானுக்கு இடம் மாறினார். லைடனிடம் சேர்மங்களைக் கேட்டு வாங்கினார். அவற்றில் ஒன்று தனித்து நின்றது; அதுதான் பின்னாளின் இமாட்டினிப். நோயாளிகளின் மஜ்ஜையிலிருந்து ஆய்வகத்தில் வளர்ந்த புற்றுசெல் கூட்டங்களை அது 92 முதல் 98 விழுக்காடு வரை குறைத்தது. இயல்பான செல்களை விட்டுவிட்டது. 1996இல் இதை வெளியிட்டார்கள்.

இவ்வளவு தெளிவான முடிவுக்குப் பிறகும் மருந்து நோயாளியிடம் வர இரண்டு ஆண்டுகள் ஆயின. விலங்குச் சோதனையில் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. சீபா-கைகி, சாண்டோஸ் என்ற நிறுவனத்துடன் இணைந்து நோவார்ட்டிஸ் ஆகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கே வரும் நோய் என்பதால் வணிகக் கணக்கும் இடித்தது. ட்ரூக்கர் விடாமல் நச்சரித்தார். சோதனை வெற்றி தரத் தொடங்கியதும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. 1999இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் நோயாளி இணையத்தில் 3,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி நிறுவனத் தலைவருக்கு அனுப்பினார். உற்பத்தி கூடியது. 2001 மே 10 அன்று அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

மருந்து பி.சி.ஆர்-ஏபிளின் ஏபிள் கைனேஸ் பகுதியில் எப்படி அமர்கிறது என்ற படத்தை 2000இல் நியூயார்க்கில் வெளியிட்ட குழுவின் தலைவர் ஜான் குரியன். கல்லூரிப் படிப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர். கைனேஸ் அணைந்த நிலையில் எடுக்கும் வடிவத்தில்தான் இமாட்டினிப் போய் அமர்கிறது என்று அந்தப் படம் காட்டியது. அந்த வடிவம் கைனேஸுக்குக் கைனேஸ் மாறுபடும். எல்லாம் அடைபடும் என்ற வாதம் பொய்த்ததற்குக் காரணம் இதுதான். சிலருக்கு மருந்து பலிக்காமல் போனதன் காரணத்தையும் 2001இல் சார்லஸ் சாயர்ஸ் குழு கண்டுபிடித்தது: புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்து அமர முடியாது. அடுத்த தலைமுறை மருந்துகளான டசாடினிப், நிலோட்டினிப், போனாட்டினிப் எல்லாம் பிறகு வந்தன. 1,106 பேரைக் கொண்ட பெரிய சோதனையில், இமாட்டினிப் எடுத்தவர்களில் சுமார் 83 விழுக்காட்டினர் பத்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தனர்.

விலையைப் பேசாமல் இந்தக் கதை முழுமை பெறாது. மருந்து வந்த ஆண்டுகளில் இந்தியாவில் கிளிவெக் ஒரு மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இங்குள்ள நிறுவனங்களின் பொதுப்பெயர் மருந்து அப்போது சுமார் 8,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. மறுப்புக்கு அடிப்படையான காப்புரிமைச் சட்டப் பிரிவையே எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று மறுப்பை உறுதி செய்தது. அதே மாதம், சி.எம்.எல். மருந்துகளின் விலையைக் கண்டித்து உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்கள் எழுதிய கட்டுரையில் ட்ரூக்கரும் கையெழுத்திட்டார். அவர்மீது எனக்குள்ள மதிப்பு இரட்டிப்பானது அதனால்தான். ஏழை நோயாளிக்கு எட்டாத மருந்தைக் கண்டுபிடித்தும் பாதிப் பயன்தான்.

இந்த நோய் பலருக்கும் வேறு காரணத்துக்காக எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவருகிறது. வெள்ளை அணுக்கள் மிக அதிகம் என்று அறிக்கை வந்தால் தள்ளிப்போடாமல் ரத்தவியல் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலரால் பின்னாளில் மருந்தை நிறுத்த முடிகிறது. ஆனால், அதை பி.சி.ஆர்-ஏபிள் அளவைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.