ஊசி குத்தினால் பிரஷர் குறையுமா?

"மாத்திரையை விட்டுட்டு அக்குபங்சருக்குப் போகலாமா?" என்று கேட்பவர்களுக்காக இது.

சொட்டுநீர்க் குழாயை நசுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும் இல்லையா? ரத்தக்குழாயும் அப்படித்தான். மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கும் ஒரு நரம்பு மையம் "இறுக்கு" என்று ஓயாமல் கட்டளையிட்டால் குழாய்கள் சுருங்கும், இதயமும் வேகமாக அடிக்கும். பிரஷர் ஏறிவிடும்.

உள்மணிக்கட்டிலிருந்து மூன்று விரல்கடை மேலே ஒரு புள்ளி. அதற்கு அடியில் கையின் முக்கிய நரம்பு ஓடுகிறது. அங்கே ஊசி குத்தி மெல்லிய மின்துடிப்பு கொடுத்தால், சேதி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது. அங்கே என்கெஃபலின், எண்டார்பின் போன்றவை சுரந்து அந்த மையத்தை அடக்குகின்றன. விலங்குகளிடம் இதைக் கண்டறிந்தவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாங்ஹர்ஸ்ட் குழுவினர்.

இதே குழு 2015இல், மாத்திரை எடுக்காத 65 பேரிடம் சோதித்தது. வாரம் ஒருமுறை, அரைமணி நேரம், எட்டு வாரம். சரியான புள்ளிகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல்அளவு 6 முதல் 8 வரை குறைந்தது. ஒன்றரை மாதம் நீடித்தது. ஆனால் 2006இல் 192 பேரிடம் நடந்த வேறொரு ஆய்வில், சரியான புள்ளியில் குத்தினாலும் வேறிடத்தில் குத்தினாலும் வித்தியாசம் தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 160 இருப்பவருக்கு 8 குறைந்தாலும் 152தான். அது போதாது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடலாம்.

ஊசி போடுங்கள், தப்பில்லை. கூடவே ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். அளவைப் பார்த்துக் குறித்து வையுங்கள். மாத்திரையைக் குறைப்பதை மட்டும் மருத்துவர் சொல்லட்டும்.