மலை மறித்த ஆறு

2023 டிசம்பர்ப் பெருமழையில் தாமிரபரணி கரைகடந்ததை மேலப்பாளையத்து மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது மழையோடு வந்து வடிந்த வெள்ளம். மலை சரிந்து ஆற்றை மறிப்பதால் எழும் வெள்ளமோ பல மாதங்கள் காத்திருந்து வரக்கூடியது.

இமயத்தின் கார்வால் பகுதியில், 1893 செப்டம்பரில் கோனா என்னும் சிற்றூருக்கருகே மலைச்சரிவொன்று பெயர்ந்து விழுந்தது. பிரகி கங்கையின் குறுக்கே ஏறத்தாழ 900 அடி உயரப் பாறைக்குவியல் எழ, அதன்பின் ஏரி பெருகியது. பாபநாசம் அணைக்குள்ளதுபோல் இதற்கு மதகில்லை. விளிம்பில் வழியும் நீரே தளர்ந்த கற்களை அரித்து அணையை உடைத்துவிடும்.

உடைப்பைத் தடுக்க இயலாது, நாளைக் கணிக்கலாம். பொறியாளர் புல்ஃபோர்டு ஏரியின் கொள்ளளவையும் நீர்வரத்தையும் ஆராய்ந்து, 1894 ஆகஸ்டு நடுவில் நீர் வழியும் என்றார். கோனாவிலிருந்து தந்திக்கம்பி அமைக்கப்பட்டது, தொங்குபாலங்கள் கழற்றப்பட்டன, பத்ரிநாத் யாத்திரிகர்கள் மாற்றுவழியில் அனுப்பப்பட்டனர். கணிப்பு பிழைத்தது சில நாள்களே. ஆகஸ்டு 25 காலையில் நீர் வழியத் தொடங்கி, நள்ளிரவை நெருங்குகையில் அணை உடைந்தது. கார்வாலின் சீநகர் (காஷ்மீரத்துச் சீநகர் வேறு) அழிந்தது. ஆயினும் இறந்தோர் ஐவரே. வெளியேற்றப்பட்ட பின்னும் அணையடிக்குத் திரும்பியவர்கள் அவர்கள். எஞ்சிய ஏரி 1970 ஜூலை வெள்ளத்தில் உடைந்தது.