முதல் பரிசோதனை அவருக்கு

கல்யாணமாகி ஒரு தீபாவளி கடந்தால் போதும், "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி வந்துவிடும். அது எப்போதும் மனைவியிடம்தான் வரும். விரதம் இருப்பவளும் அவள்தான், கிளினிக் கிளினிக்காக ஏறி ஸ்கேன் எடுப்பவளும் அவள்தான். கணவர் கார் நிறுத்துமிடத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெரிவித்தது. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது.

விந்தணு ஒரு விசித்திரமான செல். நீந்துவதற்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, தலையில் அப்பாவின் மரபணுவையும் பின்னால் ஒரு வாலையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓடுவது. அந்த மெலிவே அதன் பலவீனம். உடலில் சக்தி உண்டாகும்போது ஆக்சிஜனிலிருந்து சில முரட்டு மூலக்கூறுகள் பிறக்கும். மற்ற செல்களில் அவற்றை அடக்க நொதிகள் தாராளமாக உண்டு. விந்தணுவுக்குள் அவற்றுக்கு இடமே போதாது. முறுக்கு டின்னை மூடாமல் விட்டால் எண்ணெய் காறிப்போகுமே, அதே வேதியியல்தான் விந்தணுவின் கொழுப்பு உறையிலும் நடக்கிறது. நீச்சல் தளரும், உள்ளே இருக்கும் டிஎன்ஏ இழைகளும் அறுபடும். இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். ஆக்சிஜன் மிகுந்த சூழலில் விந்தணுக்கள் நீச்சலை இழப்பதை ஜான் மெக்லியோட் 1943-இலேயே காட்டிவிட்டார்.

புகைபிடிக்கும் இரண்டு நண்பர்களில் ஒருவருக்கு மூன்று பிள்ளைகள், இன்னொருவருக்கு ஒன்றும் இல்லை. இதற்கு மரபணு வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம். நச்சுப்பொருளை வெளியேற்ற உதவும் ஜிஎஸ்டிஎம்1 என்ற மரபணு கணிசமானோருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. அது மட்டும் யாரையும் மலடாக்கிவிடாது. புகை, விதைப்பையில் இரத்த நாளம் சுருண்டு வீங்கும் வெரிகோசீல் போன்றவை சேரும்போது சுமை கூடுகிறது.

சில மரபணுக் காரணங்கள் இதைவிடப் பெரியவை. ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும். பலருக்கு அது தெரிய வருவதே குழந்தைக்காக மருத்துவரைப் பார்க்கும்போதுதான். இன்னும் சிலருக்கு ஒய் குரோமோசோமில் ஏஇசட்எஃப் எனும் பகுதி அறுந்திருக்கும். அதில் ஒரு வகையில் அறுவைச் சிகிச்சை செய்து தேடினாலும் விந்தணு கிடைக்காது. இன்னொரு வகையில் கிடைக்கும், ஆனால் அந்தக் குறை மகனுக்கும் போகும். செயற்கைக் கருத்தரிப்புக்குச் சேமிப்பை உடைப்பதற்கு முன்பே தம்பதி தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

நம் வீடுகளில் நடப்பது வேறு. யாரோ சொன்னார்கள் என்று துத்தநாக மாத்திரை, லேகியம், இணையத்தில் விற்கும் பொடி. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சாப்பிட்ட ஆண்களின் வீடுகளில் குழந்தைப் பிறப்பு கூடவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த மோக்சி ஆய்வில் வைட்டமின் சி, ஈ, செலினியம் கலந்த மாத்திரையும் பலன் தரவில்லை. கருத்தரிப்புக்கு அந்த முரட்டு மூலக்கூறுகளும் கொஞ்சம் வேண்டும். எல்லாவற்றையும் துடைத்தெடுப்பது மருத்துவம் ஆகாது. பாட்டில் பாட்டிலாகக் காலியாகும் மாதங்களில் மனைவியின் வயதும் ஏறுகிறது. என்னைக் கேட்டால், பெரிய நஷ்டம் அதுதான்.

ஜிம்மில் தசைக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், விந்தணு உற்பத்திக்கு மூளை அனுப்பும் கட்டளை நின்றுவிடும். ஊசியை நிறுத்திய பிறகும் பழைய நிலை திரும்பப் பல மாதங்கள் பிடிக்கலாம்.

ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லையென்றால், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள். விந்துப் பரிசோதனைக்குக் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் உடலுறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். முடிவு சரியில்லை என்றால் இன்னொரு முறை பார்ப்பார்கள். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்பதால், இன்று சிகரெட்டை விட்டாலும் அடுத்த வாரமே மாற்றம் தெரியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி போகும்போது மனைவியோடு மாமியாரும் வரத் தேவையில்லை. கணவர் வந்தால் போதும்.