கேமரன் மலையில் ஒரு பல்லினச் சபை: மக்கள் ஏன் சேர்கிறார்கள்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தபோது, ஒரு விடுமுறைக்குத் தாப்பா வழியாக மலையேறி வீட்டிற்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா சோறு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "உன் சின்னம்மா வேதத்துல சேர்ந்துட்டா" என்றார். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு காலம் எங்கள் வீட்டில் சின்னம்மாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. பாட்டி மட்டும் இரவில் முனகுவார்: "நான் செத்தா அவ வருவாளா?"

மதமாற்றம் என்ற சொல் நம் நாட்டில் எவ்வளவு பதற்றத்தைக் கிளப்பும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். 2005-இல் எவரெஸ்ட் குழுவைச் சேர்ந்த மூர்த்தி இறந்தபோது, அவர் உடல் யாருக்கு உரியது என்று நீதிமன்றம் வரை வழக்கு போனது. அவ்வழக்கு இஸ்லாத்தைத் தழுவியது தொடர்பானது; அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. இந்து ஒருவர் கிறிஸ்தவராவதில் அத்தகைய சட்டச் சிக்கல் இல்லை. ஆயினும் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓர் ஆள் குடும்பத்தை விட்டுப் போகிறார், அவ்வளவே.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் சுமார் 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஆக, சின்னம்மா சேர்ந்தது சிறுபான்மைக்குள் ஒரு சிறுபான்மை. அதிலும் அவர் போனது தமிழ்த் தேவாலயத்திற்கு அன்று. ஓர் உரக்கடையின் மேல்மாடியில் புதிதாகத் தொடங்கப்பட்ட, எல்லா இனத்தவரும் கூடும் ஒரு சபைக்கு. அதன் பெயர் இங்கே வேண்டாம். கோபம் தணிந்த பிறகு நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சீனக் குடும்பங்கள், செமாய் இளைஞர்கள், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் நேப்பாளிகள், விடுதிகளில் வேலைக்கு வந்த சரவாக்கியர்கள், ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் இருந்தனர். மலாய்க்காரர் எவரும் இல்லை, இருக்கவும் முடியாது. நம் அரசியலமைப்பின் 160ஆம் விதி மலாய்க்காரர் என்றால் முஸ்லிம் என்று வரையறுக்கிறது. 11ஆம் விதியோ முஸ்லிம்களிடையே பிற சமயம் பரப்புவதைத் தடுக்கச் சட்டத்திற்கு இடமளிக்கிறது. தீபகற்பத்தில் 'பல்லினச் சபை' என்பது எப்போதும் இந்த வேலிக்குள் அடங்கிய பல்லினந்தான்.

அந்தக் காட்சி எனக்கு ஏன் புதுமையாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து போனதால் எங்கள் மலைக்கு அப்பெயர். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து எடுக்கத் தமிழர் வந்தனர். சீனர் காய்கறி பயிரிட்டனர். இவர்கள் எல்லாருக்கும் முன்பே செமாய் மக்கள் அங்கே இருந்தனர். மூவரும் ஒரே மலையில், ஒரே மழையில் நனைந்தபடி, தனித்தனியே வாழ்ந்தனர். தமிழர் லயத்தில், சீனர் கொட்டாயிலும் கடைவீட்டிலும், செமாய் மக்கள் கம்பத்தில். விற்கவும் வாங்கவும் சந்திப்போம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

பழைய தேவாலயங்களும் இதற்கு விலக்கல்ல. மலேசிய மெத்தடிஸ்ட் திருச்சபை மொழிவாரியாகவே அமைந்தது: தமிழருக்கு ஓர் ஆண்டு மாநாடு, சீனருக்கு ஒன்று, ஆங்கிலம் பேசுவோருக்கு ஒன்று, செமாய் மக்களுக்குத் தனி ஊழியம். லுத்தரன்களிலும் தமிழர் சபையின் வேர் தரங்கம்பாடி வரை போகிறது. சீனப் புதுக்கிராமங்களில் வளர்ந்தது வேறொரு சபை. இதற்குக் கோட்பாடாகவே ஒரு விளக்கம் உண்டு. இந்தியாவில் பிறந்து அங்கேயே ஊழியம் செய்த டொனால்ட் மெக்கவ்ரன், இன, மொழி, வகுப்புத் தடைகளைத் தாண்ட வேண்டியிராவிட்டால்தான் மக்கள் கிறிஸ்தவராக விரும்புவர் என்று 1970-இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். தம் ஆட்களோடு தம் மொழியில் வழிபடவே எவரும் விரும்புவர் என்பது பொதுப்புத்திக்கும் பொருந்துகிறது. அப்படியானால் சின்னம்மா ஏன் பக்கத்திலிருந்த தமிழ்ச் சபையை விட்டு, பாதி விளங்காத மொழியில் ஆராதனை நடக்கும் மாடிக்கு ஏறினார்?

முதலில் எளிய காரணம். ஜான் லோஃப்லாண்ட், ரோட்னி ஸ்டார்க் என்ற இரு சமூகவியலாளர்கள், கலிஃபோர்னியாவில் ஒரு புதிய சமயக் குழுவைக் கூடவே இருந்து கவனித்து 1965-இல் ஆய்வு வெளியிட்டனர். போதனையில் மயங்கிச் சேர்ந்தவர்கள் குறைவு. உள்ளே ஏற்கெனவே நட்போ உறவோ இருந்தவர்களே சேர்ந்தனர் என்பது அவர்கள் கண்டது. போதனை பிறகுதான் வருகிறது. சின்னம்மா கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு, ஒரு சீனர் தோட்டத்தில் கோபிஸ் கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் மகன் நோய்ப்பட்டு ஈப்போ மருத்துவமனையில் ஆறு வாரம் கிடந்தான். முதலாளியம்மா வாரந்தோறும் தம் வேனில் சின்னம்மாவை மலையிறக்கிக் கூட்டிப்போனார். கூட வேலை செய்த செமாய்ப் பெண் வீட்டில் இருந்த பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டாள். இருவரும் அந்தச் சபையினர். உறவினர் நாங்கள் போனது ஒரே ஒருமுறை. அதுவும் பழம் வாங்கிக்கொண்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில்.

பையன் பிழைத்தான். ஜெபம் என்கிறார் சின்னம்மா. மருந்து என்கிறார் அம்மா. அந்த வழக்கை நான் தீர்க்க வரவில்லை. ஆனால் "வேனுக்கும் சோத்துக்கும் மதம் மாறிட்டா" என்று உறவினர் பேசியது எனக்கு உறுத்தியது. இந்தியாவில் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவரானவர்களிடம், ஏன் மாறினீர்கள் என்று நேரில் கேட்டு ஜே. வாஸ்கம் பிக்கெட் 1933-இல் ஒரு நூல் எழுதினார். பக்தி, நோய், மானம், உறவு எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருந்ததையே அவர் கண்டார். உலகியல் காரணத்துக்காக வந்தவர் பலரும் பின்னாளில் உறுதியாகவே நிலைத்தனர் என்றும் எழுதினார். நாமும் வேண்டுதல் வைத்துத்தானே காவடி எடுக்கிறோம்!

இரண்டாவது காரணத்தைச் சின்னம்மா உடனே சொல்லவில்லை. பலமுறை போய் வந்த பிறகு, தேநீர் ஆற்றிக்கொண்டே ஒருநாள் சொன்னார்.

"அங்க யாருக்கும் நான் யாரைக் கட்டிக்கிட்டேன்னு தெரியாதுப்பா."

சின்னம்மா வேறு சாதியில் மணமுடித்தவர். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தோட்டத்துக் கோவில் திருவிழாவில் எந்தக் குடும்பத்துக்கு எந்த உபயம், யார் கரகம் தூக்குவது, யார் பந்தலில் முன்னே உட்காருவது என்பதில் அந்தச் சொல்லாத சொல் ஒளிந்திருக்கும். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சித்தப்பா பந்தலுக்கு வெளியே நின்றுதான் பிரசாதம் வாங்கினார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொன்னதில்லை. உள்ளே வரச் சொன்னதும் இல்லை.

சரி, தமிழ்ச் சபைக்குப் போயிருக்கலாமே? அங்கும் இருப்பது நம் ஆட்களே. கிறிஸ்தவம் சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புவோர் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தை நினைவுகூர வேண்டும். அங்கே சாதிக்கொரு பகுதியாகத் தேவாலயத்தையே பிரித்துக் கட்டி, நடுவே சுவரும் வைத்திருந்தார்கள். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது பெரும் பூசல் எழுந்தது. சீன முதலாளியம்மாவுக்கும் செமாய்ப் பெண்ணுக்குமோ நம் சாதிப் பெயர்கள் காதில் விழுந்தாலும் பொருள் விளங்காது. மெக்கவ்ரனின் கணக்கு இங்கேதான் பிசகுகிறது என்பது என் கருத்து. தன் இனத்துக்குள் நிம்மதியாக இருப்பவருக்கு இன எல்லை ஓர் அரண். உள்ளேயே சுவர் எழுப்பி ஒதுக்கப்பட்டவருக்கு அந்த எல்லையைத் தாண்டுவது இழப்பன்று, மூச்சு வாங்க ஓர் இடம்.

மற்றவர் காரணங்கள் வேறு. நேப்பாளிகளுக்கு விடுமுறை நாளின் தனிமை. இளையோருக்குக் கித்தார், ஆங்கிலம், மலைக்கு வெளியே ஓர் உலகம். குடிகாரக் கணவனைத் திருத்த வழி தேடிய பெண்கள் இருவரைச் சந்தித்தேன். சம்சு அழித்த வீடுகளை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

இனி, இது தமிழ்க் கழகத்தின் ஆண்டிதழ் என்பதால், கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: அங்கே தமிழ் என்னவாயிற்று?

1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிட்டார். தமிழ் அச்சுக்கலை வரலாற்றில் கிறிஸ்தவத்தின் பங்கை யாரும் மறுக்கமாட்டார். மொழிவாரியாகப் பிரிந்த சபைகள் இனங்களைப் பிரித்தே வைத்தன. ஆனால் மொழியைக் காத்தன. தமிழ்ச் சபையில் வளர்ந்த என் நண்பர்கள் பலர் ஞாயிறு பள்ளியில் வேத வசனம் ஒப்பித்தே சரளமாகத் தமிழ் வாசிக்கப் பழகியவர்கள். மாடிச் சபையிலோ பாடல்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சுவரில் விழுகின்றன. பிரசங்கம் மலாயில், இடையிடையே ஆங்கிலத்தில். செமாய்க்கும் தமிழருக்கும் நேப்பாளிக்கும் பொதுமொழி அதுதானே. நான் போன அன்று தமிழில் ஒரே ஒரு பல்லவி பாடினார்கள். எல்லாரும் கைதட்டிப் பாடினர், உச்சரிப்பு சிதைந்திருந்தது. சின்னம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அடுத்த பாட்டு மலாயில் தொடங்கியதும் அவர் உதடு மட்டும் அசைந்தது.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். 1906-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெருவில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகரின் கீழ் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக மண்டியிட்டனர். சில ஆண்டுகளிலேயே அந்த இயக்கம் நிறவாரியாகப் பிரிந்துவிட்டது. மைக்கேல் எமர்சன் முதலிய ஆய்வாளர்கள், ஓர் இனம் 80 விழுக்காட்டைத் தாண்டாத சபையையே பல்லினச் சபை என்று கொள்கின்றனர். அமெரிக்காவில் அத்தகைய சபைகள் 1998-இல் 6 விழுக்காடாக இருந்து 2019-இல் 16 விழுக்காடாயின. அங்கும் வந்து சேரும் சிறுபான்மையினரே பெரும்பாலும் தம் பாட்டையும் பழக்கத்தையும் வாசலில் விட்டுவிட்டு வருகின்றனர் என்பது அவர்கள் சுட்டும் குறை. கலப்புக்கு விலை உண்டு. அது எல்லாரிடமும் சமமாக வாங்கப்படுவதில்லை.

பாட்டி இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மறைந்தார். சின்னம்மா வந்தார். கூடவே முதலாளியம்மாவும் நான்கு செமாய் இளைஞர்களும் வந்தனர். கருமாதிச் சடங்குகளில் சின்னம்மா கலந்துகொள்ளவில்லை; படையல் சாப்பிடவும் இல்லை. பின்கட்டில் உட்கார்ந்து இரண்டு நாளும் வெங்காயம் உரித்தார், அண்டா கழுவினார். செமாய் இளைஞர்கள் மழையில் கூடாரம் பிடித்தார்கள். அம்மா அவர்களுக்குத் தம் கையாலேயே சோறு போட்டார். சித்தப்பாவை அன்று அப்பாவே கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்காரவைத்தார்.

நான் கோலாலம்பூருக்குக் கிளம்பும் முன் சின்னம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். சபையில் கொடுத்த மலாய் பைபிள் தமக்கு விளங்கவில்லையாம். தமிழ் பைபிள் ஒன்று வாங்கி வர முடியுமா என்று கேட்டார். "அங்க மலாய்ல பாடினாலும் வீட்ல நான் தமிழ்லதாம்பா ஜெபிக்கிறேன்." எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது:

"அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பெரிய எழுத்தாப் பாத்து வாங்கு."