மலை இறங்காத பேட்டரிகள்

(தொடர் கட்டுரை – 11)

ஆனைமலைக் காடுகளுக்குள் சோலார் விளக்கு வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த விளக்கு அணைந்த பிறகு நடப்பதை யாரும் எழுதுவதில்லை.

பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் பாலக்காட்டிலிருந்து சாலையில் போக, தமிழ்நாட்டுக்குள் வந்து பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். இடுக்கிப் பக்கம், முதுவான் மக்களின் இடமலைக்குடி. 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் குடிகள். பலவற்றுக்கு நடைதான் வழி. இத்தகைய இடங்களுக்கு மின்கம்பி இழுப்பது பெரும்பாடு. சோலார் இங்கே தேவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மத்திய அரசின் மானியத்தில் நாடெங்கும் போன வீட்டு விளக்குத் தொகுப்புகளில் ஒன்றைப் பாருங்கள்: 37 வாட் பேனல், 12 வோல்ட் 40 ஏஎச் பேட்டரி, இரண்டு 9 வாட் சிஎஃப்எல். பேனல் இருபது, இருபத்தைந்து வருஷம் உழைக்கும். பேட்டரி ஐந்து வருஷம் தாண்டினாலே பெரிது. சிஎஃப்எல்லுக்குள் பாதரசம் சில மில்லிகிராம்.

செத்த பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதனால் அதற்கு விலை உண்டு, காயலாங்கடைக்காரர் வாங்கிக்கொள்வார். தூக்கிவரச் சுமை குறையட்டும் என்று ஆசிட்டை மண்ணில் கொட்டிவிட்டால், ஈயம் கலந்த அந்த ஆசிட் மழையோடு ஓடைக்குப் போகும். கீழே போன பேட்டரி முறையான ஆலைக்குப் போகாமல் ஏதாவது கொல்லைப்புற உலைக்குப் போனால் புகையிலும் சாம்பலிலும் ஈயம் பரவும். செனகலில் டாக்கர் அருகே தியரோய் சுர் மேர் என்ற இடத்தில் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுத்த தெருக்களில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். ஈயம் குழந்தையின் மூளையைத்தான் முதலில் தாக்குகிறது.

விலையில்லாத பொருளின் கதி வேறு. உடைந்த லாந்தர், கருகிய கண்ட்ரோலர் போர்டு, சிஎஃப்எல், சின்ன லித்தியம் பேட்டரி இவற்றை எந்தக் கடைக்காரரும் தேடி மலையேற மாட்டார். குடிசை மூலையிலோ புதரிலோ கிடக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள், லித்தியம் உட்பட எல்லா வகை பேட்டரிகளையும் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் சோலார் பேனலையும் சேர்த்துக்கொண்டன. 2034–35 வரை சேரும் பேனல் கழிவைத் தயாரிப்பாளர்கள் பத்திரமாகச் சேமித்துவைக்க வேண்டும். ஆனால் தயாரிப்பாளரின் கணக்கு டன்னில் முடிகிறது. எந்த மலையிலிருந்து எடுத்தாய் என்று விதி கேட்பதில்லை. நகரத்தில் ஒரே நாளில் கிடைக்கும் டன்னை விட்டுவிட்டு, பதினைந்து கிலோ பேட்டரிக்காக யார் இடமலைக்குடிக்கு நடப்பார்கள்? பரம்பிக்குளத்துக் கழிவு கேரள ஆலைக்குப் போகவும் தமிழ்நாட்டுச் சாலையில்தான் வர வேண்டும். இரு மாநில வனத்துறையும் பேசிக்கொள்ளாமல் இது நடக்காது.

ஆகவே, பொறுப்பை டெண்டரிலேயே எழுத வேண்டும். புது பேட்டரியைச் சுமந்து ஏறுபவரே பழையதை ஆசிட்டோடு நிமிர்த்திவைத்து இறக்க வேண்டும். அந்தச் சுமைகூலி திட்டச் செலவில் சேர வேண்டும். பழையதை ஒப்படைத்த ரசீது இல்லாமல் கடைசித் தவணைப் பணம் போகக் கூடாது. மலைக் கிராமங்களுக்கு சோலார் விளக்கு வாங்கித் தரும் அறக்கட்டளைகள், கல்லூரி மாணவர்கள், நிறுவனங்கள் எல்லோருக்கும் என் வேண்டுகோள்: திரும்ப எடுத்துவரும் செலவை முதலில் ஒதுக்குங்கள். அதன் பிறகு விளக்கு வாங்குங்கள்.

(தொடரும்)